இருபத்தைந்து படத்தில் ஒரு நாள்

ராமநாதபுரத்தில் கேமரா வைத்துப் பிழைக்கிறவர்கள் யாரிடமாவது ரிமோட் கெட்டுப்போயிற்று என்று சொல்லிப் பாருங்கள். "உமாக்காகிட்ட குடுத்தீகளா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். கொடுக்கவில்லை என்றால் அப்புறம் பேச்சை வளர்க்க மாட்டார்கள். கொடுக்காமல் ஏன் இங்கே வந்து புலம்புகிறாய் என்று முகத்திலேயே எழுதியிருக்கும்.

உமாமகேஸ்வரிக்கு நாற்பத்தொரு வயது. ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்தில், பெரிய கண்மாய்ப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நெல் போடுகிற முனியசாமியின் மூத்த மகள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, வேலை கிடைக்கிற வரைக்கும் என்று ராமநாதபுரத்தில் வினோத்குமாரின் ஸ்டுடியோவில் சேர்ந்தாள். அந்த 'வரைக்கும்' பதினேழு வருஷம் ஆகிவிட்டது. கணவர் முத்துகிருஷ்ணன் பஸ் ஓட்டுகிறார். மனைவி கேட்கிற ஸ்குரூவும் பேட்டரியும் மதுரையிலிருந்து அவர் பஸ்ஸிலேயே வந்து சேரும்.

அவள் ரிமோட்டில் கைவைத்த கதை திருப்புல்லாணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் தொடங்கியது. அன்றைக்கு அவள் வேலை விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும்தான். மேடையில் ஐம்பது பேர் குடும்பப் படத்துக்கு நெருக்கியடித்து நிற்கிறார்கள். விரலால் பொத்தானை அமுக்கினால் கேமரா ஆடும், படம் கலங்கும் என்பதால் வினோத்குமார் ஒயர் ரிமோட்டை மாட்டியிருந்தான். யாரோ ஒரு மாமா அந்த ஒயரைக் காலில் இழுத்து, ரிமோட் தரையில் விழுந்து, இரண்டாகப் பிளந்துவிட்டது. வினோத்குமாருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உமா விளக்கைப் பக்கத்தில் இருந்தவர் கையில் திணித்துவிட்டு, உடைந்ததை எடுத்துப் பார்த்தாள். உள்ளே மூன்றே மூன்று கம்பி. ஒன்று பொதுக் கம்பி. இரண்டாவதை அதோடு தொட்டால் கேமரா விழித்துக் குறி பார்க்கிறது. மூன்றாவதையும் சேர்த்துத் தொட்டால் படம் எடுக்கிறது. மண்டபத்து எலக்ட்ரீஷியனிடம் ஒரு காலிங் பெல் சுவிட்சை வாங்கி, மூன்று கம்பியையும் அதில் முறுக்கி, அமுக்கினாள். படம் விழுந்தது. பெல் எங்கே அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்ற தாய்மாமன்களின் முகம்தான் அந்தப் படத்தில் விசேஷம்.

அதற்குப் பிறகு பரமக்குடி, ராமேஸ்வரம், தொண்டி என்று எல்லா ஊர்க் கேமராக்காரர்களும் அவள் மேஜைக்கு வந்தார்கள். தனுஷ்கோடியில் சூரியன் உதிப்பதை விட்டு விட்டுப் படமெடுத்து, ஓட்டி, ஒரு நிமிடத்தில் காட்டுகிறவர்கள்தான் அதிகம் வந்தார்கள். குறித்த நேரத்துக்கு ஒரு படம் என்று தானே அமுக்கிக்கொள்ளும் டைமர் ரிமோட் அவர்களுக்கு வேண்டும். வெளியூர்ச் சரக்கு நம் கடற்காற்றுக்கு ஒரு மாதம்கூடத் தாங்காது. சொருகுகிற பின்னில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். இன்னொரு கோளாறும் உண்டு. இடையில் சும்மா இருக்கும்போது கேமரா தூங்கிவிடும். தூங்குகிற கேமராவிடம் டைமர் திடுதிப்பென்று "எடு" என்றால் அது எடுக்காது. பத்துக்கு ஒன்று விட்டுப்போகும். சூரிய உதயத்தில் ஒன்று விட்டுப்போனால் சூரியன் துள்ளிக் குதிக்கும்.

உமா ஒரு பெட்டி செய்தாள். பின்னுக்குக் கிரீஸ் பூசி, ரப்பர் உறை போட்டாள். அவளுடைய டைமர் முதலில் இரண்டாவது கம்பியைத் தொட்டுக் கேமராவை எழுப்பும். இரண்டு நொடி பொறுக்கும். அப்புறம்தான் மூன்றாவதைத் தொடும். ஆளை எழுப்பி, முகம் கழுவவிட்டு, அதற்கப்புறம் வேலை சொல்வது மாதிரி. இந்தச் சின்ன நாகரிகம் ஏன் பெரிய கம்பெனிக்காரர்களுக்குத் தோன்றவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் தூங்குகிற மனிதர்களையும் அப்படித்தான் எழுப்புவார்களோ என்னவோ.

கீழக்கரைக்காரியான சுஹா ஒரு வேளாண்மைக் கல்லூரியில் பேராசிரியை. செத்துப்போன இரண்டு டைமர்களைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு நாள் கடைக்கு வந்தாள். காய்ந்த மண்ணில் விதைத்து மழைக்குக் காத்திருக்கிற புழுதி விதைப்பு நெல், விதைத்த நாள் முதல் அறுக்கிற நாள் வரை எப்படி வளர்கிறது, எந்த மழைக்கு முளைக்கிறது, எப்போது தண்ணீருக்கு ஏங்குகிறது என்று படமாக வேண்டும் அவளுக்கு. இரண்டு வருஷமாக முயன்று, இரண்டு தடவையும் பாதியில் நின்றுவிட்டது.

"பன்னிரண்டு வயல்ல வைக்கணும் உமா. கல்லூரிக் கமிட்டி வெளியூர்ல ஆர்டர் குடுக்கலாம்கிறாங்க. நான் உங்க பேரைச் சொன்னேன். கடைக்காரங்க செஞ்சதை எப்படி நம்புறதுன்னு கேக்குறாங்க."

"நம்ப என்ன செய்யணும் மேடம்?"

"ஒரு போகம் நிக்கணும். விதைப்புல இருந்து அறுப்பு வரைக்கும் ஒரு படம்கூட விடுபடக் கூடாது. விடுபட்டுச்சுன்னா நான் வாயைத் தொறக்க முடியாது."

உமாவுக்கு இந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. கடைக்காரங்க செஞ்சது. இந்தக் காற்றில் பிறந்து, இந்தக் காற்றில் நிற்பதற்காகவே செய்த பெட்டியை, இந்தக் காற்றை ஒரு நாளும் சுவாசிக்காத பெட்டியோடு சேர்த்து வைத்துச் சந்தேகப்படுகிறார்கள். நம் பெட்டி நிற்கும் என்று காட்டியே தீர வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

வயலுக்கு வேறெங்கே போவாள்? அய்யாவிடம் போனாள்.

"அது என்னத்தா செய்யும்?" என்றார் முனியசாமி.

"வயலப் பாத்துக்கிட்டே நிக்கும்யா. காலையில ஆறு மணியில இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் அரை மணிக்கு ஒரு படம். நாளைக்கு இருவத்தஞ்சு."

"நாப்பது வருசமா நானும் அதத்தான் செய்யுறேன். என்னைய எந்த காலேசும் கேக்கலயே?"

சிரித்தாலும், வரப்போரத்தில் சிமெண்ட் தூண் நட அவரே குழி தோண்டினார். புரட்டாசி இரண்டாம் வாரம் விதைத்த அன்றே, காலை ஆறு மணிக்கு முன்னால் பெட்டி ஏறியது. கல்யாணத்துக்கெல்லாம் போய் ஓய்ந்த பழைய கேமரா, மேலே சின்னச் சூரியத் தகடு, முன்னால் ஒரு கண்ணாடிச் சன்னல். வெயில் உள்ளே அடிக்காதபடி வடக்கே பார்க்க வைத்தாள். யாராவது தொட்டு நிறுத்திவிடக் கூடாது என்று வெளியே சுவிட்சே வைக்கவில்லை. லென்ஸ் தானாகக் குறி பார்ப்பதையும் நிறுத்தி, வயல் தெளிவாகத் தெரிகிற இடத்தில் டேப் போட்டு ஒட்டினாள். கொக்கு வந்து எதிரே நின்றால் கேமரா கொக்கைப் பார்த்துக்கொண்டு வயலை விட்டுவிடக் கூடாதல்லவா.

எல்லாம் யோசித்தாள். ஆயுத பூசையை மட்டும் யோசிக்கவில்லை.

ஸ்டுடியோவில் அன்றைக்குத் தடபுடலாகப் பூசை நடந்தது. கேமரா, விளக்கு, ஸ்டாண்டு, உமாவின் சால்டரிங் கம்பி வரைக்கும் சந்தனம், குங்குமம். பொரி, கடலை, சுண்டல். தொழில் சாமான் எதையும் அன்றைக்குத் தொடக் கூடாது. ஒரு சாமான் மட்டும் நாற்பது கிலோமீட்டர் தள்ளி அரை மணிக்கு ஒருமுறை வேலை செய்துகொண்டிருந்தது. அது அவள் நினைவிலேயே இல்லை.

அது புதன்கிழமை. அவள் ஊருக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில். முந்தின நாள் மத்தியானம் நல்ல மழை. விதைத்த புழுதி கறுத்துக் குளிர்ந்து கிடந்தது. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வரப்பில் நடந்தவள், தூணருகே வந்ததும் நின்றுவிட்டாள். கண்ணாடிச் சன்னலின் அடி ஓரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக வழிந்து காய்ந்திருந்தது.

பக்கத்து வயலில் வெள்ளையம்மாள் இருந்தாள். இந்த வயல்களுக்குக் களையெடுக்க ஆள் கூட்டிவருகிறவள்.

"இத யாரு செஞ்சா?" என்றாள் உமா.

"ஒங்க அய்யாதான்த்தா. ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சாரு. சூடம் காட்டுனாரு. நாங்களும் வந்து கும்பிட்டுட்டுத்தான் போனோம். நல்லா இருந்துச்சு பாக்க."

உமா விரல் விட்டு எண்ணினாள். புதனிலிருந்து சனி. நான்கு நாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறது. இந்த நான்கு நாளில்தான் முதல் மழை. சுஹா எதைக் கேட்டாளோ அதைத்தான் அய்யா குங்குமத்தால் மூடியிருக்கிறார். இன்னொரு தடவை விதைக்கவா முடியும்?

மம்பட்டியோடு வந்த முனியசாமியை அவள் வரப்பிலேயே மறித்தாள்.

"எதுக்குய்யா அதத் தொட்டீக? யாரு தொடச் சொன்னா?"

"என்னத்தா ஆச்சு?"

"எல்லாம் போச்சு! கண்ணாடி மேலயா பொட்டு வைப்பாக? அது கண்ணுய்யா! அது வழியாத்தான் அது பாக்குது!"

முனியசாமி பெட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மம்பட்டியைக் கீழே வைத்தார்.

"எனக்கெங்க தாயி தெரியும்? நெத்தின்னு நெனச்சேன்."

அவள் தூண் பக்கம் திரும்பி, காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள்.

"டிராக்டருக்கு வச்சேன், அரிவாளுக்கு வச்சேன், இந்தா இந்த மம்பட்டிக்கு வச்சேன். இது மட்டும் பொட்டில்லாம அங்கன தனியா நின்னுச்சு. ஒன் தொழில் சாமான் எங்க வயல்ல நிக்கிறப்ப, அத விட்டுட்டு மத்ததுக்கு எப்புடித்தா வைக்கிறது?"

உமாவுக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது. பதினேழு வருஷமாக ஊரில் யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், போட்டோக் கடையில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிற மனிதர் இவர். அவர் வாயிலிருந்து 'ஒன் தொழில் சாமான்' என்று அன்றைக்குத்தான் கேட்டாள். அழுகை வந்தது. படம் போனதற்கா இதற்கா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவளும்தான் தப்பு. அன்றைக்குத் தன் சாமான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள், இதை மறந்தாள். அவர் மறக்கவில்லை.

பெட்டியைத் திறந்து கார்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டாள். முனியசாமி குற்றவாளி மாதிரி பின்னால் நின்றார். புதன்கிழமை ஏழரை மணிப் படத்தில் வெறும் புழுதி வயல். எட்டு மணிப் படத்தில் ஒரு மாபெரும் கட்டைவிரல். கலங்கல்தான், ஆனாலும் விரல் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், அவ்வளவு பக்கத்தில். எட்டரையிலிருந்து மஞ்சள், நடுவில் சிவப்பு. அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும் அதே. வியாழன் முழுக்க, வெள்ளி முழுக்க. முனியசாமி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிப் படத்துக்கு வந்ததும் உமா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மஞ்சளில் மேலிருந்து ஒரு கோடு விழுந்திருந்தது. மூன்று மணிக்குச் சந்தனம் பாதி இறங்கி, அதன் மேலே வானம் தெரிந்தது. மூன்றரைக்கு வயல் வந்துவிட்டது. கறுத்து, நனைந்து, மண்ணில் மழைத்துளி குத்திய குழிகூடத் தெரிகிறபடி. சாய்ந்து அடித்த மழை கண்ணாடியைக் கழுவிவிட்டிருந்தது. பயிர் இன்னும் முளைக்கவே இல்லை. அதற்கு இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது.

அவள் மடமடவென்று எண்ணினாள். மஞ்சள் படம் எண்பத்தேழு. இடையில் ஒன்றுகூட விடுபடவில்லை. லென்ஸ் தானாகக் குறி பார்க்கும்படி விட்டிருந்தால், எதிரே சந்தனத்தைப் பார்த்துக் குழம்பி, எடுக்காமலே நின்றிருக்கும். கொக்குக்காக ஒட்டிய டேப் அய்யாவுக்கு உதவியிருக்கிறது.

"தப்பிச்சுச்சாத்தா?" என்றார் முனியசாமி.

"பாதி தப்பிச்சிருக்குய்யா. மீதிய காலேசுக்காரவுக சொல்லணும்."

திங்கட்கிழமை வினோத்குமாரிடம் காட்டினாள். அவன் ஒரு நிமிடத்தில் வழி சொன்னான். "எண்பத்தேழும் வெறும் புழுதிதானே அக்கா? முந்தின நாள் புழுதியைக் காப்பி பண்ணி ஒட்டிவிடுங்க. ஓட்டுனா மூணரை நொடி. எவனுக்குத் தெரியப்போகுது?"

கல்யாண ஆல்பத்தில் வராத மாமாவை வந்த மாதிரி ஒட்டியவன் அவன். அவனைக் குறை சொல்ல முடியாது. உமாவும் இரண்டு நாள் யோசித்தாள், அதை மறைத்துப் பயனில்லை. ஒட்டினால் யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் பெட்டியை நம்புங்கள் என்று கேட்கப்போகிறவள், பெட்டி எடுக்காத படத்தைக் காட்டி எப்படிக் கேட்பாள்? அதைவிட, அந்தக் கட்டைவிரலை வெட்டி எறிய அவளுக்குக் கை வரவில்லை. வேண்டாம் என்றாள்.

பெட்டி தன் பாட்டுக்குப் படமெடுத்துக்கொண்டு நின்றது. மழை பெய்த ஐந்தாம் நாள் முளை. ஐப்பசியில் பச்சை. கார்த்திகையில் ஆறு நாள் விடாத மழை, காற்று. தூண் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. களையெடுக்கும் பெண்கள் நேரத்தைத் தெரிந்துகொண்டு, அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். "இடுப்பு நிமுத்த ஒரு சாக்கு கெடச்சுச்சு" என்றாள் வெள்ளையம்மாள். கதிர் வந்து, பால் பிடித்து, பழுத்து, பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் அறுத்தார்கள். நூற்றுப் பதினெட்டு நாள்.

கல்லூரியில் படம் ஓட்டிய அன்று உமா நல்ல பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். முனியசாமியும் வெள்ளையம்மாளும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் முன்வரிசையில். ஒரு நாள் ஒரு நொடி என்று வயல் ஓடத் தொடங்கியது. ஏழு நொடி புழுதி. அப்புறம் ஒரு விரல் பாய்ந்து வந்து திரை முழுக்க மஞ்சளானது.

"நிறுத்துங்க" என்றார் கமிட்டியில் மூத்தவர். "என்னம்மா இது? பழுதாயிருச்சா?"

மன்னிப்புக் கேட்பது என்றுதான் உமா வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். எழுந்து நின்றபோது அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"பழுதில்ல சார். அது எங்க அய்யா கை. ஆயுத பூசைக்கு என் பெட்டிக்குப் பொட்டு வச்சாரு. கண்ண மறைச்சிருச்சு. மறைச்சும் பெட்டி எடுக்குறத நிறுத்தல. எண்பத்தேழு படம் பொட்டோடவே எடுத்திருக்கு. மொத்தம் ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பது இருக்கணும். எண்ணிப் பாத்துக்கங்க."

பின்வரிசையில் முனியசாமி, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்று கும்பிட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவர் உட்காரவில்லை.

"ஒட்டி மறைச்சிருக்கலாமே?" என்றார் மூத்தவர்.

"மறைச்சா, அது என் பெட்டி எடுத்த படமா இருக்காது சார்."

சுஹா மேலே ஓட்டச் சொன்னாள். சந்தனம் வழிந்து இறங்கி, வயல் நனைந்து வெளியே வந்தது. "முதல் மழை எப்பன்னு ரெண்டு வருஷமா நான் ஆள் வச்சுக் கேட்டுக்கிட்டிருந்தேன். இதுல அரை மணிக் கணக்குல இருக்கு" என்றாள். அப்புறம் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பச்சை எழும்பி, காற்றில் படுத்து எழுந்து, மஞ்சளாகி, அரிவாள்கள் வந்து, வயல் வெறுமையானது. மூத்தவர் எண்ணிக்கையை ஒரு மாணவரிடம் சரிபார்க்கச் சொன்னார். சரியாக இருந்தது. அவர் எழுந்து வந்து முதலில் கைகொடுத்தது முனியசாமிக்கு. "உங்க மக கெட்டிக்காரி" என்றார். "தெரியும்ங்க" என்றார் முனியசாமி. அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன விதத்தை வெள்ளையம்மாள் ஊரெல்லாம் நடித்துக் காட்டினாள்.

பன்னிரண்டு பெட்டிகளையும் உமா அந்தக் கோடையிலேயே செய்து முடித்தாள். ஒவ்வொன்றிலும் கண்ணாடிச் சன்னலுக்கு மேலே, உள்ளங்கையில் பாதி அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு பதித்தாள். அதில் ஒயர் கிடையாது, ஸ்குரூ கிடையாது, பெயர்கூடக் கிடையாது. இது எதற்கு, வீண் செலவுதானே என்று கல்லூரியிலிருந்து ஒருவர் போனில் கேட்டார். இருக்கட்டும் சார் என்று மட்டும் சொன்னாள்.

வயல்காரர்கள் யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆயுத பூசை கழிந்த வாரம், பன்னிரண்டு வயல்களிலிருந்தும் வந்த கார்டுகளை உமா ஸ்டுடியோவில் போட்டு, பூசை அன்றைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். திருப்புல்லாணிப் பக்கத்து வயலில் ஒரு சட்டையின் ஓரம் தெரிந்தது. காரங்காட்டுக்குப் போகிற வழியில் இருந்த வயலில் சூடப் புகை. ஆர்.எஸ்.மங்கலத்தில் அய்யாவின் மணிக்கட்டு, கண்ணாடிக்கு மேலே, பித்தளைத் தகட்டை நோக்கி உயர்ந்து போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டிலும் வயல் பளிச்சென்று தெரிந்தது.